குலுங்காத ஜீப்

என் வீட்டுக்காரர் அந்த ஜீப்பை இழுத்துக்கொண்டு வந்த அன்று நான் கொள்ளு கடைந்துகொண்டிருந்தேன். இழுத்துக்கொண்டு வந்தார் என்பது பேச்சுக்குச் சொல்வதில்லை. எங்கள் இரண்டு காளைகளையும் முன்னால் பூட்டி, தாம்புக்கயிறு கட்டி, நிஜமாகவே இழுத்துக்கொண்டுதான் வந்தார். பட்டாளத்தில் உழைத்து ஓய்ந்து சேலத்தில் ஏலத்துக்கு வந்த வண்டி. லாரியில் ஏற்றித் தார் ரோட்டில் இறக்கியிருக்கிறார். அங்கிருந்து எங்கள் தோட்டத்துக்கு நான்கு மைல். அந்த நான்கு மைலும் மாடுகள் இழுத்தன. கூரை இல்லை, முன்கண்ணாடி இல்லை, ஒரு பக்கத்து விளக்கு இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது.

"இது எதுக்குங்க?" என்றேன்.

"ஓட்டறதுக்குத்தான்."

"மாட்டைப் பூட்டி ஓட்டறதுக்கு நம்மகிட்ட வண்டி இல்லாமயா இருக்குது?"

அவர் காளைகளை அவிழ்க்கப் போய்விட்டார். மாமியார்தான் சொம்பில் தண்ணீரோடு வந்து மகனைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உடு சாமி. ஆம்பளைக்கு ஏதோ ஒரு கிறுக்கு இருக்கத்தான் செய்யும். சீட்டாடப் போறதுக்கு இது தேவல" என்றார்.

எழுபதுகளின் பிற்பாதி அது. எங்கள் தோட்டம் சேந்தமங்கலத்துக்கு அப்பால், கொல்லிமலை அடிவாரத்தில். தார் ரோட்டுக்குப் போக ஒரே வழி இட்டேரி. இருபுறமும் முள்வேலி, நடுவில் ஒரு வண்டி போகும் அகலம். பாதி தூரத்துக்குப் பாறை முதுகு, மீதிக்கு உருண்டைக் கல். குறுக்கே மலையிலிருந்து இறங்கும் ஓடை ஒன்று. பாலம் கிடையாது.

அந்த வழிதான் என் வாழ்க்கையில் சனியாக உட்கார்ந்திருந்தது. கல்யாணமாகி நாலு வருஷத்தில் இரண்டு கரு கலைந்துவிட்டது. முதலாவது இரண்டாம் மாதத்திலேயே போயிற்று. இரண்டாவது நாலாம் மாதம். வயிற்று வலி என்று என்னை மாட்டு வண்டியில் படுக்கவைத்து அந்த இட்டேரியில் கொண்டுபோனார்கள். தார் ரோடு போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கல்லில் வண்டி குலுங்கிக் குலுங்கித்தான் போயிற்று என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். இன்னொரு முறை வயிற்றில் தங்கினால் அதையாவது முழுசாகக் கையில் வாங்கிவிட வேண்டும். எனக்கு அதைத் தவிர வேறு நினைப்பே இல்லாத காலம் அது.

இந்த நேரத்தில் இந்த மனுஷன் போய் ஓட்டை ஜீப்பை வாங்கி வந்தால் எனக்கு எப்படி இருக்கும்?

மாட்டுக்கொட்டகையில் ஒரு பக்கம் மாடு, ஒரு பக்கம் ஜீப் என்றாயிற்று. காலையில் பாத்தி கட்டிவிட்டு வந்தால் மத்தியானம் முழுக்க அதன் அடியில்தான் கிடப்பார். இரண்டு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சாப்பிடக் கூப்பிட அந்தக் காலோடுதான் நான் பேசவேண்டும். கார்பரேட்டரைக் கழற்றி என் குழம்புச் சட்டியில் பெட்ரோல் ஊற்றிக் கழுவினார். சட்டியைத் தூக்கி எறிந்தேன். மறுநாள் சந்தையிலிருந்து இரண்டு சட்டி வாங்கிவந்து, "ஒண்ணு உனக்கு, ஒண்ணு அதுக்கு" என்று வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பதை அவர் பார்க்கக் கூடாதென்று அடுப்படிக்குள் போய்விட்டேன்.

ஓடைக்காக அவர் செய்த வேலைகளை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பெருமைதான். அடியில் கிடந்த சைலன்சர் குழாயை அறுத்து, வளைத்து, முன்கண்ணாடிச் சட்டத்தை ஒட்டித் தலைக்குமேல் போகிற மாதிரி நிறுத்தினார். இஞ்சினில் மின்சாரம் ஓடும் பாகங்களுக்குச் சைக்கிள் டியூபை வெட்டிச் சட்டை போட்டு, கிரீஸ் பூசினார். ஆழத் தண்ணீரில் இறங்கும்போது ஃபேன் சுற்றினால் அது தண்ணீரை வாரி இஞ்சின்மேல் இறைத்து அணைத்துவிடுமாம். அதனால் கரையிலேயே ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கவேண்டும், அக்கரை போய் மாட்டவேண்டும். இதையெல்லாம் அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஓடையில் நாலு தடவை நின்றுபோய், நாலு தடவை மாடு கட்டி இழுத்து, தானாகக் கண்டுபிடித்தது.

அடியில் கமான் பட்டை இரண்டு முறிந்துகிடந்தது. வில்லாக வளைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள். வண்டியின் குலுக்கலை வாங்கிக்கொள்வது அவைதான். அதை மாற்ற நாமக்கல்லுக்குப் போகவேண்டும், அங்கே என் அண்ணன் இருக்கிறார். லாரிப் பட்டறையில் பட்டை வேலைதான் அவருக்குத் தொழில்.

எங்கள் நாமக்கல்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர்களிடம் எதைக் கொடுத்தாலும் லாரியாக்கிவிடுவார்கள். தங்கைக்குக் கட்டில் செய்தாலும் பத்து டன் தாங்கும்படிதான் செய்வார்கள். அவர்கள் வாயில் நல்ல வண்டி என்றால் 'ஸ்ட்ராங்' ஆன வண்டி. ஸ்ட்ராங் என்றால் லோடு தாங்கும். அதற்குமேல் ஒரு வண்டிக்கு என்ன வேண்டும்? என் வீட்டுக்காரர் போய், "மச்சான், இட்டேரியில ஓட்டறதுக்கு ஏத்த மாதிரி பண்ணிக் குடுங்க" என்றிருக்கிறார். குலுங்காமல் இருக்கவேண்டும் என்ற ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. அண்ணனும் கேட்கவில்லை. லாரிப் பட்டைகளை அளவுக்கு வெட்டி, நாலு சக்கரத்துக்கும் ஒன்பது ஒன்பதாக அடுக்கி முறுக்கிவிட்டார்.

ஜீப் முக்கால் அடி உயர்ந்து திரும்பி வந்தது. பின்னாலேயே அண்ணனும் வந்தார், முகம் பூரித்துப்போய். "பாப்பா, இனி யானையை ஏத்தினாலும் அசையாது பாத்துக்க" என்றார்.

அசையவில்லைதான். அதுதானே வம்பு. பட்டை அசைந்தால்தானே மேலே உட்கார்ந்திருப்பவர் அசையாமல் இருப்பார். முதல் ஓட்டத்திலேயே என் வீட்டுக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டு வந்தார். இரண்டு நாள் கஞ்சிதான் குடித்தார்.

அப்போது எனக்கு மூன்றாம் முறையாக நாள் தள்ளிப்போயிருந்தது. அவருக்குச் சொன்னேன். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு நேரே போய்க் கோழிப்பண்ணையிலிருந்து அட்டைத் தட்டில் முப்பது முட்டை வாங்கிவந்தார். ஜீப்பின் பின்பக்கம், நான் உட்காரப்போகும் இடத்தில் ஜமக்காளத்தை மடித்துப்போட்டு, அதன்மேல் தட்டை வைத்து, தார் ரோடு வரைக்கும் போய்த் திரும்பினார். இரண்டு முட்டைதான் முட்டையாக வந்தது. மீதி ஜமக்காளத்தில் இருந்தது.

"உங்க மச்சான் பண்ணின வேலைக்கு இதுல என்னைய ஏத்தினா நானும் இப்படித்தான் வருவேன்" என்றேன். "பழைய பட்டையவே மாட்டச் சொல்லுங்க."

அண்ணனை வரவழைத்துக் கேட்டோம். அவர் தலையைச் சொறிந்தார். பழைய பட்டை நல்ல எஃகு, அதனால் கொல்லரிடம் கொடுத்து அரிவாள் அடித்துவிட்டாராம். ஒன்று எங்கள் வீட்டுக் கூரைச் செருகிலேயே இருக்கிறது என்று காட்டினார். போன வாரம் அவர் சீராகக் கொண்டுவந்து கொடுத்த அரிவாள். நான் அதில்தான் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தேன்.

"செரி, நாலு பட்டை கழட்டி உட்டுருங்க" என்றேன்.

"கழட்டறதா? பட்டையைக் கூட்டித்தான் பாப்பா எனக்குப் பழக்கம். எவனும் இதுவரைக்கும் கொறைக்கச் சொன்னதில்ல" என்றார். இருந்தாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு கழற்றினார். லாரிப் பட்டை ஏழு இருந்தாலும் லாரிப் பட்டைதான். அடுத்த ஓட்டத்தில் ஆறு முட்டை தேறியது.

அதன்பிறகு வாரம் ஒருமுறை முட்டை ஓட்டம். எதிர்த் தோட்டத்தில் என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன் இருந்தார். வரப்பில் நின்ற பனைமரம் யாருக்கு என்பதில் தகராறு, இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஆள் கனமான உடம்பு, நூறு கிலோவுக்குக் குறையாது. எங்கள் ஜீப் முட்டையோடு போகும்போதெல்லாம் வேலியோரம் வந்து நிற்பார். எங்களிடம் பேசமாட்டார் அல்லவா, அதனால் தன் எருமையிடம் பேசுவார். "பாத்துக்க, நம்மூர்ல முட்டை ஜீப்புல போகுது. நீ நடந்து போற." எனக்கு ஆத்திரமாக வரும்.

ஐந்தாவதோ ஆறாவதோ ஓட்டத்தில் நான் ஒன்றைக் கவனித்தேன். தட்டில் வலது பக்கத்து முட்டைகள் உடைந்திருந்தன, இடது பக்கம் பெரும்பாலும் தப்பியிருந்தது. இறங்கிப்போய்ச் சக்கரத்தைப் பார்த்தேன். இடதுபக்கப் பின்சக்கரம் பாதி காற்று இறங்கி உட்கார்ந்திருந்தது.

"ஏனுங்க, இந்தப் பக்கம் காத்து இல்லீங்க."

"பஞ்சர். ஒட்டிரலாம்."

"ஒட்டாதீங்க. அந்தப் பக்கமும் இறக்குங்க."

அண்ணன் காதுக்கு இது போனதும் ஓடிவந்தார். காற்று குறைவாக ஓட்டினால் டயர் தேய்ந்து போய்விடும் என்று லாரிக்காரர்களுக்கு உயிர் போகும் பயம். "டயர் போனா வேற டயர் இருக்குது. எனக்கு வேற இருக்குதா?" என்று கேட்டேன். அவரே குனிந்து வால்வு மூடியைக் கழற்றினார். நாலு சக்கரத்திலும் காற்றைக் குறைத்து ஓட்டியதில் பதினெட்டு தேறியது.

மீதிப் பன்னிரண்டுக்கு வழி சொன்னது கடலை மூட்டை. ஒருநாள் எட்டு மூட்டை நிலக்கடலையைத் தார் ரோட்டுக்குக் கொண்டுபோனார். முந்தின நாள் வைத்த முட்டைத் தட்டை இறக்கி உள்ளே வைக்கச் சோம்பல்பட்டு, மூட்டைமேலேயே வைத்துக் கொண்டுபோய்விட்டார். திரும்பி ஓடிவந்து, தோட்டத்து வாசலிலிருந்தே என்னைக் கூப்பிட்டார். முப்பதும் முழுசு. லோடு ஏறினால் பட்டை இறங்கிக் கொடுக்கும், காலியாக ஓடினால் கல்லாக நிற்கும். அண்ணன் செய்தது லாரி. லாரிக்கு லோடு வேண்டும். அவ்வளவுதான் விஷயம். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு நூறு முட்டைக்குமேல் ஆயிற்று, மாமியார் முட்டைக்குழம்பைப் பார்த்தாலே எழுந்து போய்விடும் நிலைமைக்கு வந்திருந்தார்.

ஓடை மணலை எட்டுச் சாக்கில் கட்டிக் கொட்டகையில் அடுக்கினோம். என் பிரசவத்துக்கான லோடு. ஒன்பதாம் மாதம் பிறந்ததும் மணல் மூட்டையோடு என்னை நாமக்கல் கொண்டுபோய் அண்ணன் வீட்டில் விட்டுவிடுவது என்று ஏற்பாடு.

ஐப்பசி மழை அந்த வருஷம் விடாமல் பிடித்துக்கொண்டது. அண்ணன் வீட்டுப் பிள்ளைகளுக்கு அம்மை போட்டுவிட்டது. வாசலில் வேப்பிலை செருகியிருக்கிற வீட்டுக்குப் பிள்ளைத்தாய்ச்சி போக முடியாது. இன்னும் பத்து நாள் பொறுக்கலாம் என்றிருந்தோம். அதற்குள் ஒருநாள் ஓடை கரையை அறுத்துக்கொண்டு எங்கள் மஞ்சளுக்குள்ளும் எதிர்த் தோட்டத்துக்குள்ளும் புகுந்தது. அடைக்க எதுவும் இல்லை. என் வீட்டுக்காரர் மணல் மூட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எடுத்துப் போடுங்க. இன்னும் மாசம் ஒண்ணு இருக்குது, பொறவு கட்டிக்கலாம்" என்றேன். நான்தான் சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் எனக்கு வலி வந்துவிட்டது.

மாமியார் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நாழி இல்ல, வண்டியை எடு சாமி" என்று மகனைப் பார்த்துச் சொன்னார். என் வீட்டுக்காரர் ஜீப்பை வாசலுக்குக் கொண்டுவந்தார், காற்றைக் குறைத்தார், வைக்கோல் பரப்பி மெத்தை போட்டார். எல்லாம் செய்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். லோடு இல்லை. கடலை சந்தைக்குப் போய் மாதமாயிற்று, கிழங்கு பூமிக்குள் இருக்கிறது, மணல் தண்ணீருக்குள் இருக்கிறது. அவர் முகம் வெளுத்திருந்தது. அப்படி அவரை நான் பார்த்ததில்லை.

"ஆளை ஏத்துங்க" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் ஓடினார். மஞ்சள் காட்டில் தண்ணீர் வடித்துக்கொண்டிருந்த மூன்று பேரைக் கூட்டிவந்தார். அதில் ஒரு அம்மாவை மேலும் கீழும் பார்த்து, "அக்கா, நீங்க எத்தனை கிலோ இருப்பீங்க?" என்று கேட்டாரே பாருங்கள். அந்த வலியிலும் எனக்குக் கோபம் வந்தது. அந்த அம்மா, "இருக்கறதெல்லாம் ஏத்திக்க சாமி" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார்.

போதவில்லை. என் வீட்டுக்காரர் வேலிப்பக்கம் திரும்பினார். எதிர்த் தோட்டக்காரர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார், எருமை இல்லாமல். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர் வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு வந்து, பின்பலகையைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார். ஜீப் நன்றாகவே இறங்கியது. அவர் சம்சாரமும் ஈரக்கையோடு ஓடிவந்து பக்கத்தில் ஏறிக்கொண்டார். அவரும் கணவருக்குச் சளைத்த உடம்பில்லை.

அந்த நான்கு மைல் எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. என் தலை மாமியார் மடியில். ஒவ்வொரு பாறைக்கும் பின்பலகையிலிருந்து குரல் வரும், எருமையிடம் பேசிய அதே குரல். "மெல்லா... இந்தப் பக்கட்டால ஒடி... இப்ப உடு." யாரிடம் சொல்கிறேன் என்று சொல்லாமல் பொதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தார். என் வீட்டுக்காரரும் யார் சொல்கிறார் என்று தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் அப்படியே ஸ்டியரிங்கை ஒடித்தார். ஓடைக்கரையில் நிறுத்தி ஃபேன் பெல்ட்டைக் கழற்றினார். தண்ணீர் கால்வைக்கும் பலகைக்கு மேலே ஏறி என் மெத்தையை நனைத்தது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற கியரில் உறுமிக்கொண்டே இஞ்சின் அக்கரை ஏறியது. எனக்கு வலி இருந்தது, ஆனால் குலுக்கல் இல்லை. சத்தியமாக இல்லை.

தார் ரோட்டில் ஏறியதும் என் வீட்டுக்காரர் நிறுத்தினார். "இனி வழி நல்லாருக்குது, லோடு வேண்டாம். எறங்கறவங்க எறங்கிக்கலாம்" என்றார். யாரும் இறங்கவில்லை. அந்த மூன்று பேரும் சேற்றுக்காலோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பின்பலகையிலிருந்து, "வண்டிய எடு" என்று மட்டும் கேட்டது. இரண்டு வருஷத்துக்குப்பின் அவர் என் வீட்டுக்காரரிடம் நேராகப் பேசியது அதுதான். அடுத்த மாதமே பனைமரத்துக்கு மறுபடி சண்டை வந்தது, அது வேறு.

நாமக்கல் ஆஸ்பத்திரியில் நர்ஸ், சேறும் ஈரமுமாக நின்ற கூட்டத்தைப் பார்த்து மிரண்டுபோனாள். "பேஷண்டுக்கு நீங்கெல்லாம் என்ன வேணும்?" என்றாள். எதிர்த் தோட்டக்காரர் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு மரியாதையாகச் சொன்னார்.

"நாங்க லோடுங்க."

பொழுது சாய்வதற்குள் பெண் பிறந்தாள். சின்ன உடம்பு, பெரிய குரல். அவளை என் பக்கத்தில் போட்டபோது நான் வாய்விட்டு அழுதேன், வெட்கமே படவில்லை. லேடி டாக்டர் என் பழைய கதையெல்லாம் கேட்டார். இரண்டு கலைந்ததையும், இட்டேரியையும், மாட்டு வண்டியையும் சொன்னேன். இந்த ஜீப்பையும் முட்டையையும் சொன்னேன். அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, வண்டி குலுங்கினதால அது போச்சுன்னு யார் சொன்னது? அந்த மாசத்துல பெரும்பாலும் கரு சரியா உருவாகாமதான் கலையும். வண்டியில ஏறுறதுக்கு முன்னாடியே வலி இருந்துச்சுன்னு நீயே சொல்றியே. பஞ்சு மெத்தையில படுத்திருந்தாலும் போயிருக்கும். யாரும் செஞ்சது இல்லம்மா அது."

என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். கிரீஸ் போகக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தார், விரல்கள் சிவந்திருந்தன. குழந்தையைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் சொன்னதை நான் கேலியாகத்தான் ஆரம்பித்தேன். "கேட்டீங்களா? ஜீப்பும் வேண்டாமாம், முட்டையும் வேண்டாமாம், லோடும் வேண்டாமாம். அன்னிக்குப் போனது வண்டி குலுங்கினதால இல்லையாமுங்க."

அவர் என்னைப் பார்த்தார்.

"அப்ப... நான் மாட்டை வெரட்டினதால இல்லையா?"

இதை நான் முன்னாலேயே சொல்லியிருக்கவேண்டும். சொல்ல நாக்கு எழவில்லை. இரண்டாவது போன அன்று வண்டி ஓட்டியது அவர்தான். சீக்கிரம் போய்ச் சேரவேண்டும் என்று பாறைமேல் மாடுகளை அடித்து விரட்டினார். மூன்றாம் நாள், அழுகையும் ஆத்திரமுமாக இருந்த நேரத்தில், "நீங்கதான் கொன்னீங்க என் புள்ளைய" என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். கோபத்தில் வந்த வார்த்தை, ஒரு வாரத்தில் எனக்கு மறந்துபோயிற்று. அவருக்கு அது மறக்கவில்லை. அடுத்த மாதம்தான் சேலத்துக்கு ஏலத்துக்குப் போனார். ஜீப் கிறுக்கு என்று இவ்வளவு நாளும் நான் கேலி செய்துகொண்டிருந்தேன்.

"இல்லைங்க" என்றேன். "நீங்க இல்லைங்க."

அவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "இன்னொருக்கா சொல்லு" என்றார்.

சொன்னேன். குழந்தை அழுதது, மாமியார் எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவர் எழுந்திருக்கவில்லை. நான் கையை நீட்டி அவர் தலைமேல் வைத்துக்கொண்டு மறுபடியும் சொன்னேன். எத்தனை முறை சொன்னேன் என்று ஞாபகமில்லை. போதும் என்று அவர் சொல்லவில்லை.